வட்டக் கீறல்கள்

நீலாம்பாள் தேங்காய் நாரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு மோட்டார் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. காலடியில் ஒரு முறம் நிறையச் சலித்த சாம்பல். பக்கத்தில் சுண்ணாம்பு கரைத்த தவலை. முன்பு குதிரை வண்டி நின்ற கொட்டகை அது. குதிரையை விற்று ஏழு மாதமாகியும் அதன் வாடை மண்தரையை விட்டுப் போகவில்லை. இன்று அதற்கு மேல் வேறொரு வாடை ஏறியிருந்தது. பின்னிருக்கைத் தோலிலும் கதவின் வெளிப்புறத்திலும் கஞ்சித் தண்ணீர் வழிந்து காய்ந்ததுபோல் வெள்ளைத் தடங்கள். அவை என்னவென்று அவளுக்குத் தெரியும். போன வருஷம் மூத்த மகன் கிடந்த பாயிலும் அப்படித்தான் இருந்தது. விடியற்காலம் முதல் வாந்தி, உச்சிக்குக் கண் குழிந்துவிட்டது, சாயங்காலம் இல்லை. ஏழு வயது.

அவள் கணவர் சிவசைலம் பிள்ளை பாளையங்கோட்டைக் கோர்ட்டில் பேர் சொல்லும் வக்கீல். நிலத் தகராறு ஒன்றுக்காகக் குமாஸ்தா பூதலிங்கத்தை ஏற்றிக்கொண்டு ஆழ்வார்திருநகரிக்குத் தானே வண்டி ஓட்டிப் போனவர், முந்தின நாள் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தனியாகத் திரும்பி வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. கிணற்றடியில் நின்று உடுத்தியிருந்ததையெல்லாம் கழற்றி எரிக்கச் சொல்லிவிட்டு, குடம் குடமாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

"பூதலிங்கம் போயிட்டான். வாந்திபேதி. ஆஸ்பத்திரி வாசலுக்கு வருமுன்ன உசிரு போயிட்டு," என்றார். இன்னொரு குடத்தை இறைத்துவிட்டு, "வெளிய மூச்சு விடாதே. அடுத்த வெள்ளிக்கிழமை மதராஸ் ஜட்ஜை ஸ்டேஷன்லேருந்து அழைச்சிட்டு வர நம்ம வண்டியத்தான் கேட்டிருக்காவ. தெரிஞ்சா ஒருத்தன் இதுல ஏறமாட்டான்," என்றார்.

சாப்பிடவில்லை. மறுநாள் முதல் ரயிலுக்குத் தூத்துக்குடி போய்விட்டார், அங்கே மூன்று நாள் வழக்கு. வண்டியை என்ன செய்வது என்று அவர் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை. ஆனால் ஐந்து வயது மகள் ஞானம்பாள் கண் விழித்ததும் ஓடுகிற இடம் அந்தக் கொட்டகைதான். ஏறி உட்கார்ந்து, ஊதுகுழலின் ரப்பர் பந்தை இரண்டு கையாலும் அமுக்கி, வாயால் சத்தம் போட்டு மதராஸ் வரை போய் வருவாள். அந்தக் கையைத்தான் பிறகு வாயில் வைப்பாள்.

வேலைக்கு வந்த இசக்கித்தாய் கொட்டகை வாசலில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"தள்ளுங்கம்மா. நான் தேய்க்கேன்."

"நீ தொடாண்டாம். ஒனக்கும் ஒரு புள்ள இருக்கு."

"போன வருசம் நாந்தானம்மா எல்லாத்தையும் அலசுனேன். எனக்கு என்ன வந்துச்சு?"

"சொன்னாக் கேளு. ஞானத்தக் கூட்டிட்டு எங்க அம்மை வீட்டுக்குப் போ. பொழுது சாஞ்சபெறவு வந்தாப் போதும்."

இசக்கித்தாய் அவள் முகத்தைப் பார்த்தாள். தூக்கக் கலக்கத்தில் இருந்த பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள்.

நீலாம்பாள் தேய்த்தாள். இருக்கைகளுக்குச் சுண்ணாம்புத் தண்ணீர், மற்றதெல்லாவற்றுக்கும் சாம்பலும் நாரும். பித்தளையும் வெண்கலமும் அப்படித்தான் சுத்தமாகும். வேறு வழி அவள் கண்டதில்லை. கதவுகள், சக்கரத்துக்கு மேலே வளைந்த தகடுகள், முன்மூடி என்று ஓரிடம் விடாமல், வட்டம் வட்டமாக, முழங்கை கடுக்கும் வரை தேய்த்தாள். தடம் இல்லாத இடத்திலும் தடம் தெரிந்தது. ஒரு கதவை முடித்து அடுத்ததற்குப் போனவள், சந்தேகம் வந்து திரும்பவும் முதல் கதவுக்கு வந்தாள். உச்சிப்பொழுதுக்குமேல் தண்ணீர் விட்டுக் கழுவியபோது வண்டி பச்சைப்பசேலென்று மின்னியது. அவளுக்கு அழுகை வந்தது. சுண்ணாம்பு தின்று வெந்திருந்த விரல்களில் எண்ணெயைத் தடவிக்கொண்டு, குளித்து, ஈரத்தலையோடு கூடத்தில் படுத்துத் தூங்கிப்போனாள்.

மூன்றாம் நாள் பிற்பகல் பிள்ளை திரும்பி வந்தார். கூடவே இரண்டு வக்கீல்கள், வண்டியைப் பார்க்க. நிழலில் நின்றதை உருட்டி வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். மேற்கே சாய்ந்த ஆடி மாத வெயில் கதவில் விழுந்ததும் வண்டி முழுக்க வட்டங்கள் எழுந்தன. மயிரிழை போன்ற கோடுகள், ஆயிரம் பதினாயிரம், சிலந்தி வலையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தியதுபோல. ஆள் நகர நகர, வெயில் பளிச்சிடும் இடத்தைச் சுற்றி அந்த வட்டங்களும் கூடவே நகர்ந்தன.

"என்ன வே பிள்ளைவாள்! அடிப்பிடிச்ச சட்டியத் தேய்ச்ச மாதிரில்லா தேய்ச்சு வச்சிருக்கேரு!" என்று ஒருவர் சிரித்தார். மற்றவர் சிரிப்பை மேல்துண்டால் மூடிக்கொண்டார்.

பிள்ளை விறுவிறுவென்று பின்கட்டுக்கு வந்தார். நண்பர்களும் பின்னாலேயே வந்தார்கள். கிணற்றடியில் இசக்கித்தாய் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கையில் நார். முழங்கை வரை சாம்பல்.

"வண்டியத் தேய்ச்சது நீயா?"

அவள் நிமிர்ந்தாள். முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு அடுக்களை வாசலில் நின்ற நீலாம்பாளைப் பார்த்தாள். அந்நிய ஆண்களின் முன்னால் வீட்டுப் பெண் வாய் திறக்கக்கூடாது என்பதால்தான் பேசவில்லை என்று நீலாம்பாள் பிற்பாடு பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தக் கணத்தில் அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. வெறும் பயம். அவள் குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தாள்.

இசக்கித்தாய் துலக்கிக்கொண்டிருந்த சருவத்தைப் பாதியில் விடாமல் அலசி, கல்லின்மேல் கவிழ்த்து வைத்தாள். கையைக் கழுவினாள்.

"நாளையிலேருந்து வராண்டாம்," என்றார் பிள்ளை.

"சரிங்கய்யா."

மறுநாள் பாளையங்கோட்டையிலிருந்து எலியேசர் வந்தார். பாதிரிமார்களின் குதிரை வண்டிகளுக்கும் கோவில் தேர்களுக்கும் ஒரே கையால் வர்ணம் பூசுகிறவர், ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளச் சொன்னார். "வெயில் பட்ட தகட்டுல கை வைக்கப்படாதுய்யா, காஞ்சு இழுத்துரும்," என்றார். பச்சைத் தண்ணீரால் தூசி போகக் கழுவி, பழைய மல்துணியால் ஒற்றி எடுத்தார். பிறகு கதவோரம் கன்னத்தை வைத்து, ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்த்தார்.

"நெறம் கெடல. மேல பூசுன வார்னிஷ்லதான் கீறல் நிக்கி. பைய எடுத்துரலாம்."

பிள்ளை கோர்ட்டுக்குப் போன பிறகு அவர் வேலை செய்வதை நீலாம்பாள் பின்வாசலில் நின்று பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. நனைத்த கம்பளித் துண்டில் சாம்பல்நிறக் கல்பொடியைத் தொட்டு, முன்னும் பின்னுமாக நேர்கோட்டில் இழுத்தார். நாலு இழுப்புக்கு ஒருமுறை துடைத்துப் பார்த்தார். பளபளப்பு போய்த் தகடு மங்கியது. ஆனால் வட்டங்கள் கரைந்தன. பிறகு முகத்துக்குப் பூசும் மாவைவிட நைசான இன்னொரு பொடியை நல்லெண்ணெயில் குழைத்து, துணியில்லாமல் வெறும் உள்ளங்கையால் தேய்த்தார். கடைசியில் கோதுமை மாவைத் தூவி எண்ணெயை எடுத்து, பட்டுத்துணியால் துடைத்ததும் பச்சை, தண்ணீருக்கடியிலிருந்து பார்ப்பதுபோல ஆழத்திலிருந்து மேலே வந்தது.

"வட்டமாத் தேய்ச்சா வட்டமாத்தாம்மா விழும்," என்றார், அவள் பக்கம் திரும்பாமலே. "நேரா இழுக்கணும். அமுக்கப்படாது. கல்லுக்குத் தெரியும் எவ்வளவு அறுக்கணும்னு."

இரண்டாம் நாள் அவர் ஓரிடத்தில் நின்றார். கதவின் நடுவில் பெருவிரல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தார். நகம் தட்டியது. ஒரு முழம் தள்ளி இன்னொன்று. அங்கேயும் தட்டியது.

"நகத்துல தட்டாத கீறல் போயிரும். தட்டுனா அது வார்னிஷைத் தாண்டி வர்ணத்துக்குள்ள எறங்கியிருக்குன்னு அர்த்தம். இது நாரு போட்ட கோடு இல்ல." கம்பளித் துண்டைத் தண்ணீரில் பிழிந்தார். "மோதிரத்துக் கல்லு."

நீலாம்பாள் வலக்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேலைக்காரி தேய்ச்சான்னு ஐயா சொன்னாவ," என்றார் எலியேசர். பதிலுக்காகக் காத்திருந்ததுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. "நான் வண்டிக்கு வர்ணம் பூசுதவன். அதுக்குமேல எனக்குத் தெரியாதும்மா."

அன்று சாயங்காலம் அடுத்த வீட்டுப் பாலம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "அந்த இசக்கி எங்க வீட்டுக்கு வேலை கேட்டு வந்தாளே! மோட்டாரையே சொறண்டுனவ எங்க பித்தளைய விட்டு வைப்பாளான்னு அனுப்பிட்டேன். தெருவுல ஒரு வீட்டுலயும் சேக்கல பாத்துக்க." நல்லது செய்த முகத்தோடு அவள் நீலாம்பாளின் வார்த்தைக்காக நின்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நீலாம்பாள் உள்ளே வந்துவிட்டாள். அடுப்பில் ஒன்றுமில்லை.

எலியேசர் வண்டியை ஏறக்குறைய முழுக்க நான்கு நாளில் முடித்தார். ஐந்தாம் நாள் காலையில் அவருடைய மைத்துனர் இறந்துபோனதாக நாசரேத்திலிருந்து ஆள் வந்தது. பின்பக்கத்து இடது கதவு மட்டும் பாக்கி. பொடிகளையும் கம்பளியையும் ஓலைப்பெட்டியில் வைத்து, "வீட்டுல யாராவது செய்யலாம். வித்தையில்ல, பொறுமைதான் வேணும்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம், ஞானம்பாளைத் தூங்கவைத்துவிட்டு நீலாம்பாள் கொட்டகைக்குப் போனாள். மோதிரத்தையும் வளையல்களையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். நேராக இழுத்தாள். முதலில் கை தன்னையறியாமல் வளைந்தது, பிறகு பழகியது. கல்பொடி கரகரவென்று அறுப்பதும், அறுத்து அறுத்துச் சத்தம் அடங்குவதும் விரல்நுனிக்குத் தெரிந்தது. எண்ணெய்க் கட்டத்தில் உள்ளங்கைக்குக் கீழே தகடு வெதுவெதுப்பாயிற்று. காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகைத் தடவுவதுபோல இருந்தது. அவள் கையை எடுத்துவிட்டாள். பிறகு மறுபடி வைத்தாள். தன் பழைய பட்டிலிருந்து கிழித்த துண்டால் துடைத்தபோது, கதவில் அவள் முகம் பச்சையாக, கண்ணுக்கடியில் நிழலோடு தெரிந்தது. கன்னத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. நகத்தால் தடவிப் பார்த்தாள். தட்டியது.

"நல்லா வந்திருக்கே," என்ற குரல் கேட்டுத் திரும்பினாள். பிள்ளை கோர்ட்டுக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டபடி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

அவள் கையைத் துடைக்கக்கூட இல்லை. "இசக்கி இல்ல. நாந்தான் தேய்ச்சேன்," என்றாள்.

"தெரியும்."

அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று தோன்றியது.

"அன்னைக்கே தெரியும். நீ அடுக்களை வாசல்ல நின்னப்பவே ஒன் கையப் பாத்தேன். விரலெல்லாம் வெந்து கெடந்துச்சு. முப்பது சாட்சிய வெசாரிக்கிறவன், இது தெரியாதா?"

"பெறவு ஏன் அவளப் போகச் சொன்னிய?"

"ரெண்டு பேரு பின்னால நின்னானுவளே. என் பெஞ்சாதி சாம்பல் போட்டுத் தேய்ச்சான்னா, ஏன் தேய்ச்சான்னு அடுத்த கேள்வி வரும். வராதா?" குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "வேலைக்காரி செஞ்சான்னா ஒருத்தனும் ஏன்னு கேக்கமாட்டான். அதோட முடிஞ்சு போச்சு."

"அவளுக்கு ஒரு வீட்டுலயும் வேலையில்ல."

"பாப்போம். ஜட்ஜு வந்து போகட்டும். நாலு படி அரிசி கொடுத்து அனுப்பு."

போகத் திரும்பியவர் நின்றார். அவள் துடைத்த கதவைப் பார்த்தார், ஆனால் தொடவில்லை. "பூதலிங்கம் பின்னால கெடந்து தண்ணி தண்ணின்னான். நான் வண்டிய நிறுத்தல. நிறுத்தினா நேரமாயிரும்னு பாத்தேன். ரெண்டு எடத்துல ஆறு பக்கத்துலதான் ஓடுச்சு." கையில் கிடந்த கோட்டை மறுகைக்கு மாற்றினார். "இசக்கிகிட்ட என்னத்தையாவது சொல்லி வையி. என்னைய ஒண்ணும் கேக்காதே." கோட்டை அங்கேயே சக்கரத்தின் மேல் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். அவள் அவருக்குப் பின்னால் போகவேண்டும் என்று நினைத்தாள். சக்கரத்தின் மேல் கிடந்த கோட்டை எடுத்து மடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வண்டி பூமாலை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிற்று. தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. தூரத்திலிருந்து பார்க்க, வெயிலில் ஒரு கோடும் தெரியவில்லை. பாலம்மாள் மோவாயில் கைவைத்து, "கண்ணாடி மாதிரில்லா இருக்கு!" என்றாள். வண்டி திருப்பம் தாண்டியதும் நீலாம்பாள் மாட்டுவண்டி கொண்டுவரச் சொன்னாள். ஞானம்பாளை அம்மை வீட்டில் இறக்கிவிட்டாள். நாலு படி அரிசியை அளந்து கடகத்தில் கட்டி வைத்தவள், கடைசி நேரத்தில் அதை எடுக்காமலே ஏறினாள்.

தச்சநல்லூரில் விசாரித்தபோது, இசக்கித்தாய் நெல் மண்டி கட்டுகிற இடத்தில் செங்கல் சுமக்கிறாள் என்றார்கள். ரோட்டோரத்தில்தான் இருந்தது. பாதி எழும்பிய சுவர். அதற்குச் சாய்த்துக் கட்டிய பலகைப் பாதை. ஏறவும் இறங்கவுமாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள். வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தாள். தனியாகத் தெருவில் நடந்து எத்தனை வருஷம் என்று நினைவில்லை. மணல் செருப்பில்லாத காலைச் சுட்டது.

செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில் இசக்கித்தாய் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்றது. பிறகு வேலையைத் தொடர்ந்தது.

"ஞானம் நல்லாயிருக்காளாம்மா? வயித்துக்கு ஒண்ணுமில்லையே?"

"நல்லாயிருக்கா. ஒன்னையத்தான் கேக்கா." நீலாம்பாள் ஓரடி கிட்டே வந்தாள். "நான் அன்னைக்குச் சொல்லியிருக்கணும் இசக்கி. வாய் வரல. அவுககிட்ட சொல்லிட்டேன், நாந்தான் செஞ்சேன்னு. நீ வந்துரு."

இசக்கித்தாய் ஒவ்வொரு செங்கல்லாக எடுத்துத் தலையில் அடுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"ஐயாகிட்ட சொன்னியளாக்கும்." நாலு. "எங்கிட்டயும் சொல்லுதிய. எங்க ரெண்டு பேருக்கும் தெரியாததா அது?" ஐந்தாவது கல்லைப் பிடித்தபடி, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பலகையில் ஏறும் பெண்களைக் காட்டினாள். "இவளுவளுக்குத்தாம்மா தெரியாது. வந்த அன்னைக்கே கொத்தனாரு கேட்டாரு, மோட்டாரச் சொறண்டுனவ நீதானான்னு. எம்மவனையும் அங்கன பயலுவ அப்பிடித்தான் கூப்பிடுதானுவ. எனக்கு இந்த வேலை ஒண்ணும் கஷ்டமில்ல. வீட்டு வேலைய விட இது மேலுதான், பொழுது அடஞ்சா விட்டுருவாவ." ஏழாவது கல்லையும் வைத்து, கழுத்தை நேராக்கினாள். "அப்பிடியே சொல்லணும்னா ஏன் தேய்ச்சியன்னும் சொல்லணும்லா. ஒங்களால ஏலாது. போங்கம்மா. வெயிலு ஏறுது."

அவள் நடந்து பலகையில் கால் வைத்தாள்.

நீலாம்பாள் நின்ற இடத்தில் நின்றாள். இந்நேரம் ஸ்டேஷனில் ரயில் வந்திருக்கும். ஜட்ஜு அந்தப் பின்னிருக்கையில் உட்கார்ந்திருப்பார். பிள்ளை முன்னால் நேராகப் பார்த்துக்கொண்டு ஓட்டி வருவார். பாலத்தின் மேல் வரும்போது ஆற்றைப் பார்க்கமாட்டார். இங்கே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது இந்தச் சுவரிலிருந்து கிளம்பி, வேலை விட்டுப் போகும் இந்தப் பெண்களோடு நடந்து, விளக்கு வைப்பதற்குள் தன் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

நல்ல சேலை கட்டி நகை போட்ட ஒரு பெண் வெயிலில் நிற்பதைக் கண்டு கொத்தனார் சுவர்மேலிருந்து எட்டிப் பார்த்தார். கரண்டியைச் சாந்தில் குத்திவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார்.

"அம்மா எங்கனயிருந்து வாரிய? ஆரப் பாக்கணும்?"

அவர் சத்தத்துக்கு எல்லாரும் நின்றார்கள். மேலே இருந்தவர்கள் மேலேயும், ஏறிக்கொண்டிருந்தவர்கள் ஏறிய இடத்திலும் நின்று திரும்பினார்கள். நடுப்பலகையில் இசக்கித்தாய் திரும்பவில்லை, அவளும் நின்றுவிட்டாள். பாரம் தாங்காமல் பலகை அவள் காலடியில் வளைந்து, மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏழு செங்கல்லும் அசையாமல் இருக்க, அவள் ஒரு கையை மட்டும் உயர்த்தி அவற்றைத் தொட்டுக்கொண்டாள்.

நீலாம்பாள் முந்தானையைத் தலையிலிருந்து விலக்கி, சுவரை நோக்கி நிமிர்ந்தாள். கண் கூசியது. வாயைத் திறந்தாள்.